ஹார்பர் ரோட்டில் நின்ற மூன்று புங்க மரங்கள்

நம் கன்டெய்னர் யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். காலிப் பெட்டியின் கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே கடைசி வரை நடந்துபோய், எதிர்ச்சுவரைக் கையால் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதல்லவா? அதற்கு நீங்கள் 'கோயில் சுற்று' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். ஓய்வுபெற்றவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டீர்கள். போன மாதம் கேன்டீனில் என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஒருவர் சொன்னார்: "பெருசு ஏதோ வேண்டுதல் வெச்சிருந்திருக்கும், அத நம்ம தலைல கட்டிட்டுப் போயிடுச்சு." நல்ல கிண்டல்தான். வேறு விஷயமாக இருந்தால் நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

அன்றைக்கு நான் வந்ததே வேறு வேலையாக. யார்டின் ஆண்டு மலருக்கு, நம் கேட்டுக்கு முன்னால் ஓடும் தெருவின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். இந்த ரோடு மண்ணாகக் கிடந்த நாளிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்றார். வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தெருவை எழுதினால் அந்தச் சுவரை எழுதாமல் இருக்க முடியாது என்று இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பக்கத்து ஊர்க்காரன். எழிச்சூர் தாண்டி எங்களுக்கு வேர்க்கடலை போடும் நிலம் இருந்தது. அப்போது இந்தத் தெரு, ஏரிக்கரையை ஒட்டி மாட்டு வண்டி போகிற பாதை. ஒரகடத்தில் கம்பெனிகள் வர ஆரம்பித்தபின் அதன் மேல் செம்மண் கொட்டினார்கள், பிறகு ஜல்லி, பிறகு தார். நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே கன்டெய்னர் யார்டு திறக்கிறார்கள், வீட்டுக்குப் பக்கம் என்று ஓடி வந்து செக்கராகச் சேர்ந்தேன். கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகள் இங்கே வரும். கழுவி, சோதித்து, கம்பெனிகளுக்குக் காலியாக அனுப்புவோம். சரக்கு ஏறியபின் மறுபடியும் துறைமுகம் போகும். இன்றைக்கும் அதே வேலைதான், கம்ப்யூட்டர் மட்டும் கூடியிருக்கிறது.

கேட்டுக்கு எதிரே மூன்று புங்க மரங்கள் நின்றன. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ரோடு போட்டவர்கள் ஏனோ அவற்றை விட்டுவைத்திருந்தார்கள். முதல் மரத்தடியில் முனியம்மா ஒரு பம்ப் ஸ்டவ்வோடு வந்து டீக்கடை போட்டார். யார்டுக்குள் போயிருக்கும் நிலத்தில் ஒரு துண்டு அவருடைய மாமனாருடையது. அந்த உரிமையில் என்னைத் தம்பி என்றும் மேனேஜரைப் பையன் என்றும் கூப்பிடுவார். அடுத்து ஒரு பஞ்சர் கடை வந்தது, தார்ப்பாய் தைக்கும் பாய் ஒருவர் வந்தார், ஒரு மெஸ் வந்தது. வரிசையில் ஒரு நாள், இரண்டு நாள் என்று நிற்கிற டிரெய்லர் டிரைவர்கள் மதியத்தில் மற்ற இரண்டு மரத்தடியிலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பதினைந்து டன் இரும்பு ரோட்டோரமாக நிற்கும், அதை ஓட்டி வந்தவன் ஒரு முழத் துண்டில் தூங்குவான்.

தெருவுக்குப் பெயர் வைத்தவன் இசக்கிமுத்து. தூத்துக்குடிக்காரன், டிரெய்லர் டிரைவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். அவனுடைய வீடு அந்த ஊரில் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தெருவில். ஒரு பக்கம் கிடங்குகள், ஒரு பக்கம் டீக்கடைகள், நடுவில் மர நிழலில் உப்பு லாரிகள், வேலைக்குக் காத்திருக்கும் ஆட்கள் என்று அந்தத் தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். முதல் தடவை இங்கே இறங்கியதும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "எங்கூரு ஹார்பர் ரோடு மாதிரியே இருக்கு அண்ணாச்சி. கடலத்தான் காணோம்."

அடுத்த நடைக்கு வரும்போது ஒரு தகரத்தில் 'ஹார்பர் ரோடு' என்று பெயின்டால் எழுதி எடுத்துவந்து முனியம்மா கடையில் மாட்டிவிட்டான். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள் படப்பையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் "ஹார்பர் ரோடெல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கூரியர் கவர்களில் அந்தப் பெயர் வந்தது. கடலை ஒரு தடவைகூடப் பார்க்காத முனியம்மாவுக்கு அந்தப் பெயர் மேல் தனிப் பெருமை இருந்தது.

இங்கே இன்னொரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் வெளிச்சச் சோதனை எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பெட்டிக்குள் ஒருவர் போவார், வெளியே இருப்பவர் கதவைச் சாத்துவார், எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று உள்ளே இருப்பவர் பார்ப்பார். புள்ளி வெளிச்சம்கூட இல்லை என்றால் பெட்டி நல்ல பெட்டி, கதவில் சாக்பீஸால் டிக் போடுவோம். ஒரு நாள் என் கூட்டாளி கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிட்டு, வேடிக்கைக்காக டீ குடிக்கப் போய்விட்டான். பத்து நிமிடம் இருக்கும். நான் கதவை அடித்தேன், கத்தினேன், செருப்பைக் கழற்றி அதாலும் அடித்தேன். வெளியே பெட்டி தூக்கும் வண்டியின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. கதவு திறந்தபோது அவன் சட்டையைப் பிடித்து அடிக்கப் போனேன். அவன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள், சாயங்காலம் நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படி மறந்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது.

பல வருடம் கழித்து நான் யார்டு இன்சார்ஜ் ஆனேன். கம்பெனிகள் பெருகிவிட்டன, பெட்டிகள் நீளமானவையாக வர ஆரம்பித்தன. கேட்டை விட்டு வெளியே வரும் டிரெய்லர் ஒரே வளைவில் திரும்ப முடியாமல், புங்க மரத்துக்காக முன்னும் பின்னும் நான்கு தடவை போய் வர வேண்டியிருந்தது. வரிசை நீண்டது. கம்பெனிக்காரர்கள் தினமும் போனில் கத்தினார்கள். மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் அன்றைக்கே நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரங்களும் கடைகளும் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகவும் ஆபத்தாகவும் இருப்பதால் அகற்றித் தர வேண்டும் என்று. டிரைவர்களுக்கு யார்டுக்குள்ளேயே ஓய்வு ஷெட் அமைக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதும்போது நல்ல மனிதன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

முனியம்மா கேட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா தம்பி, மரத்த வெட்டப் போறாங்களாமே? அப்பால இந்தப் பசங்கோ எங்க போய்ப் படுக்கும்? வண்டி உள்ள கொதிக்குது, உக்கார முடியாது."

உள்ளே ஷெட் வரும் என்றேன்.

"வரட்டும். வந்தப்பறம் வெட்டிக்கினு போவட்டும். இப்போ இன்னா அவசரம்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவ்வளவு எளிமையான யோசனை, எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. டீக்கடைக்காரர் சொன்னதால் அது யோசனையாக எனக்குப் படவும் இல்லை. வேலையில் நீங்கள் அவசரத்தில் இருக்கும்போது, முதலில் எதைச் செய்வது, பிறகு எதைச் செய்வது என்று கேட்கிற ஆள் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். நான் நிற்கவில்லை.

மூன்று மரமும் ஒரே காலையில் போயின. கடைகளும் போயின. ரோட்டைச் சிமென்டில் போட்டார்கள். டிரெய்லர்கள் ஒரே வளைவில் திரும்பின. அடுத்த கூட்டத்தில் எனக்குக் கைதட்டி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஷெட்டுக்கான கோப்பு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் இரண்டு தடவை நினைவூட்டினேன், மூன்றாவது தடவை நினைவூட்டவில்லை. முனியம்மா சைக்கிளில் டீ கேனை வைத்துக்கொண்டு வரிசை நெடுகத் தள்ளிக்கொண்டு போய் விற்க ஆரம்பித்தார். இசக்கிமுத்து ஒவ்வொரு நடைக்கும் வந்து, "ஷெட்டு எந்தக் கப்பல்ல வருது அண்ணாச்சி?" என்று கேட்பான். கிளம்பிவிட்டது என்பேன் நான். இருவரும் சிரிப்போம்.

நிழல் போனதும் டிரைவர்கள் முதலில் டிரெய்லருக்கு அடியில் படுத்தார்கள். அது ஆபத்து என்று விரட்டினோம். பிறகு அவர்களாகவே ஓர் இடம் கண்டுபிடித்தார்கள். கழுவும் ஷெட்டில், தண்ணீர் காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் பெட்டிகள் இருக்குமல்லவா? மேலே கூரை, உள்ளே ஈரம் பட்ட பலகைத் தரை. யார்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். உள்ளே போய்க் கடைசிச் சுவரோரமாகப் படுத்தால் வெயிலும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

எனக்குத் தெரியும். கழுவிய தரையில் செருப்புத் தடம் விழுகிறது என்று கழுவும் பெண்கள் வந்து சண்டை போட்டதால்தான் தெரியும். நான் டிரைவர்களை நிறுத்தி வைத்துக் கத்தினேன்: கழுவிய பெட்டிக்குள் எவனாவது செருப்புக் காலை வைத்தால் இந்த யார்டுப் பக்கமே வர முடியாது. உள்ளே படுக்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால், வேறு எங்கே படுப்பது என்று கேட்பார்கள். அதனால் செருப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன். அவர்களும் அன்றிலிருந்து செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தச் சித்திரை மாதம் உங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு நினைவிருக்கலாம், மெயின் ரோட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டிய வெயில். மதியம் பன்னிரண்டரை இருக்கும். ஒரு கம்பெனியிலிருந்து போன். இன்னும் ஒரு மணி நேரத்தில் நான்கு காலிப் பெட்டி வராவிட்டால் உற்பத்தி லைன் நிற்கும், நின்றால் காரணம் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதுவேன் என்றார் அங்கிருந்த அதிகாரி. மூன்று பெட்டி அடுக்கில் தயாராக இருந்தது. நான்காவதுக்காகக் கழுவும் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெட்டியின் கதவில் டிக் இருந்தது. என் டிக்தான். காலையில் நானே உள்ளே நின்று சோதித்து, ஒரு புள்ளி வெளிச்சம்கூட வராத நல்ல பெட்டி என்று போட்டது.

அந்த அதிகாரி போனை வைக்கவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்ற கண்ணுக்கு நாற்பது அடிப் பெட்டியின் அந்தக் கோடி கறுப்பாகத்தான் தெரியும். டிக் இருக்கிறதே, பிறகென்ன? இடது கதவைச் சாத்தினேன், வலது கதவைச் சாத்தினேன், தாழ் போட்டேன். பெட்டி தூக்கும் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. பெட்டி இருந்த இடத்தில், ஈரத் தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. கழுவுகிறவர்களுடையது என்று காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனேன்.

இரண்டு மணிக்கு இசக்கிமுத்துவின் வண்டிக்கு முறை வந்தது. ஆளைக் காணோம். மைக்கில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவன் வண்டியை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம், எங்கேயாவது குடித்துவிட்டுக் கிடப்பான் என்று சொன்னேன். இசக்கிமுத்து குடிக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். செய்த மற்ற தவறுகளுக்காவது அவசரம் என்று ஒரு காரணம் இருந்தது, அந்தப் பேச்சுக்கு ஒன்றுமே இல்லை.

மூன்றேகால் மணிக்கு முனியம்மா டீ கேனோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "இசக்கி சாப்புடவே வர்ல தம்பி. போன் போட்டா போவ மாட்டேங்குது. ஆனா அவன் செருப்பு கழுவுற எடத்துல கீது."

கம்பெனிக்குப் போன் போட்டேன். பெட்டிகள் வந்துவிட்டன, லைன் நிற்கவில்லை, நான்காவது பெட்டி வெளியே வெயிலில் முறைக்கு நிற்கிறது என்று அந்த அதிகாரி சாவகாசமாகச் சொன்னார். போய்த் திற, ஆள் இருக்கிறான் என்று நான் போட்ட கூச்சலில் ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் திறந்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தான், உயிர் இல்லை. அந்த இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து வந்திருக்கிறான். இரண்டு கை முட்டியும் கிழிந்திருந்தது. அவன் போனில் போகாமல் நின்ற அழைப்புகளில் முதல் எண் என்னுடையது.

விசாரணை நடந்தது. அனுமதி இல்லாமல் பெட்டிக்குள் நுழைந்தார் என்று முதலில் எழுதினார்கள். நான் மறுத்தேன், எனக்குத் தெரிந்துதான் படுத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைச் சில மாதம் வெளியே வைத்துவிட்டு, பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்த அன்றைக்குத்தான் நீங்கள் கிண்டல் செய்கிற அந்த விதியை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஷெட்டும் இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. நீங்கள் இப்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செல்போன் பார்க்கிற ஷெட் அதுதான். டிக் போட்டது காலையில், கதவு சாத்துவது மதியத்தில். நடுவில் அந்தப் பெட்டிக்கு என்ன ஆனது என்று சாக்பீஸுக்குத் தெரியாது. நடந்துபோய்ச் சுவரைத் தொட்டால்தான் தெரியும். விதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

தெருவைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

இசக்கிமுத்துவின் மனைவி தன் அண்ணனோடு ஊரிலிருந்து வந்திருந்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, உடலை ஏற்றிய வண்டி கிளம்புவதற்கு முன்னால், தன் கணவர் இருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கழுவும் ஷெட்டைக் கேட்கிறார் என்று நினைத்துப் பயந்துகொண்டே கூட்டிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். வெயில் சிமென்ட் ரோட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முனியம்மா தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

"ஹார்பர் ரோடு இதுதானா அண்ணாச்சி?" என்றார் அந்தம்மா. அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

ஆமாம் என்றேன்.

"மரம் எங்க இருக்கு? இங்க வந்தா தெனமும் மத்தியானம் போன் பேசுவாக. வெயிலா இருக்கே, எங்க கெடக்கியன்னு கேட்டா, நம்ம ஹார்பர் ரோட்டுல புங்க மரத்தடியிலதான் படுத்திருக்கேன், நீ கவலப்படாதன்னு சொல்லுவாக. முந்தா நாளுகூடச் சொன்னாகளே."

மரம் போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவன் கழுவும் ஷெட்டில் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, இல்லாத மரத்தடியிலிருந்து மனைவியோடு பேசியிருக்கிறான்.

வெட்டிவிட்டார்கள் அம்மா என்றேன்.

"யாரு வெட்டுனா?"

முனியம்மா என்னைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

ரோடு போட்டவர்கள் என்று சொன்னேன்.

அந்தம்மா தலையை ஆட்டினார். எங்கே நின்றது என்று கேட்டார். கை காட்டினேன். அங்கே போய்ச் சிமென்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டி ஏறினார். முனியம்மா அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. கொஞ்ச நாளில் சைக்கிளைப் படப்பைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விசாரணையில் உண்மையைச் சொன்ன எனக்கு, அந்த வெயிலில் அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆண்டு மலரில் இதைப் போடுவதா வேண்டாமா என்று உங்கள் மேனேஜர் யோசிப்பார். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால் சுருக்கிக்கொள்ளட்டும். ஆனால் 'சாலை விரிவாக்கத்தின்போது மரங்கள் அகற்றப்பட்டன' என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியவன் நான். என் பெயரை அந்த வரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு பிரதியைத் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும், விலாசம் என்னிடம் இருக்கிறது.